மாப்பிள்ளை அழைப்புக்குப் போன கார்

காலையில் வாசல் கதவைத் திறந்தால் கார் படுத்திருக்கும். முன்சக்கரங்களின் மேல் உடம்பு மொத்தமும் இறங்கி, பம்பருக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருக்கும். சாவியைத் திருகி எஞ்சினை ஓடவிட்டால் அடியில் எங்கோ ஒரு சிறிய மோட்டார் முனகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் மெல்ல எழும்பும். முதலில் இடது தோள், பிறகு வலது. அது எழும்பி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் உள்ளே என் மனைவி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருப்பாள். அவள் பக்கத்தில் போய் நான் நின்றதில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வீடு. எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றுப் பாசன வயல்கள் இருந்தன. நான் விவரம் தெரிந்துகொள்ளும் முன்பே அவை கைமாறிவிட்டன. வயல் போன பிறகும் கல்யாண வீடுகளில் எங்களுக்கு முன்வரிசை நாற்காலி போடும் வழக்கம் மட்டும் போகவில்லை. அந்த நாற்காலியில் நான் வேலையில் இருந்த காலமெல்லாம் ஸ்கூட்டரில் வந்து இறங்கி உட்கார்ந்தேன். அது எனக்கு ஒரு குறையாக அப்போது படவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பெங்களூரில் தொழில் செய்யும் என் சித்தப்பா மகன் பெரிய ஜெர்மன் கார் ஒன்றில் வந்து இறங்கினான். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே போய் அதைச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் போனேன். கதவு மூடும் சத்தம் கனமாக, நெல் பத்தாயத்துப் பலகை விழுவதுபோல் இருந்தது. திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சின்ன விஷயம்தான் காரணம். பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்பது உண்மைதான். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. பஸ் படி ஏற முடியாமல் தவித்தாள். மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு வந்த ஓய்வுக்காலத் தொகையில் இரண்டு காலுக்கும் ஆகும் அளவுக்குப் பிரித்து, எங்கள் இருவர் பெயரிலும் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் மகன் தான் செலவு செய்வதாகச் சொன்னான். பணம் தனியாக எடுத்து வைத்தாயிற்று, நீ அனுப்பவேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அவள் பிறந்து வளர்ந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அப்பா மில்லில் கணக்கு எழுதியவர். எனக்குத் தூரத்து உறவில் மாமா. சிறுபெண்ணாக இருந்தபோது பாபநாசத்துப் படித்துறைக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு வருவாளாம். கல்யாணமாகி வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் முங்கிவிட்டு வருவாள். முழங்கால் தேய்ந்தபிறகு அது நின்றுவிட்டது. இறங்கினால் ஏற முடியாது என்று பயம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு இருக்கிறதே, குறுக்குத்துறையில் படி குறைவுதானே என்றால், "அது ஊரெல்லாம் குளிச்சு முடிச்ச தண்ணி" என்பாள். காலைச் சரிசெய்துகொண்டு பாபநாசத்தில் தன் காலால் இறங்கி ஒரு முங்கு போடவேண்டும். அறுவை எதற்கு என்று மருத்துவர் கேட்டபோதுகூட அவள் சொன்ன பதில் இதுதான். அவர் சிரித்துவிட்டு, போடலாம் அம்மா என்றார்.

ஒரு புதுச் சிறிய காரின் விலைக்கு, பதினைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் கார் ஒன்றைக் கோயம்புத்தூர்த் தரகர் ஒருவரிடம் வாங்கினேன். கறுப்பு நிறம். உள்ளே பழுப்புத் தோல் இருக்கை. உன் கால் வலிக்குத்தான் இந்த மெத்தை இருக்கை என்று அவளிடம் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன்.

அவள் காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இருக்கையின் உயரத்தைத்தான் பார்த்தாள்.

"இம்புட்டுப் பள்ளமா இருக்கே அத்தான். எதுத்த வீட்டு சார் வச்சிருக்காவளே, அது மாதிரி ஒசரமா ஒண்ணு வாங்கியிருக்கப்படாதா? நின்ன வாக்குல உக்காந்துக்கிடலாம்."

உட்கார்ந்து பார், பழகிவிடும் என்றேன். உட்கார்ந்தாள். இறங்கும்போது நான் இரண்டு கைகளையும் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது.

முதல் வருஷத்திலேயே காற்றுப் பை கசியத் தொடங்கிவிட்டது. சாதாரணக் காரில் சுருள்வில் இருக்கும் இடத்தில் இந்த வண்டிக்கு ரப்பர் பை. உள்ளே காற்றை அடைத்து உடம்பைத் தூக்கி வைத்திருக்கும். ரப்பருக்கு வயதானால் மடிப்புகளில் வெடிப்பு விழும். இரவெல்லாம் காற்று கசிந்து காலையில் வண்டி படுத்துவிடும். பையை மாற்றாமல் ஓட்டினால், காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிச் சூடேறி எரிந்துபோகும். இதெல்லாம் எனக்கு விளங்காத விஷயம் இல்லை. ஆனால் விலையைக் கேட்டதும் தள்ளிப்போட்டேன். கம்ப்ரஸர் எரிந்தது. ஒரு பக்கத்துப் பையோடு போகவேண்டிய செலவு, இரண்டு பக்கத்துக்கும் கம்ப்ரஸருக்கும் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தொட்டது. அதுவும் புதுச் சாமான் இல்லை. டெல்லியில் பிரித்த ஏதோ ஒரு வண்டியிலிருந்து எடுத்து, பழுது நீக்கி, பார்சலில் வந்தது.

மதுரையில் இந்தவகைக் கார்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்துவிட்டு, வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில் தனியாகப் பட்டறை போட்ட ஒருவர்தான் எனக்கு மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுவார், கூலியும் ஓயாமல் வாங்குவார். முதல்முறை பணம் கொடுத்தபோது அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"சார், இந்த வண்டிக்குப் பாதி விலைதான் கொடுத்திருக்கிய. மீதிப் பாதியை இனிமே எங்கிட்ட கொடுக்கப் போறிய."

நான் சிரித்தேன். அந்தப் பணத்துக்காக வைப்புத்தொகையின் ஒரு பகுதியை உடைத்தேன். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டுமென்று இல்லை, முதலில் ஒன்று, ஆறு மாதம் கழித்து மற்றொன்று செய்துகொள்ளலாம் என்று வீட்டில் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் இறுகிப்போய் எண்ணெய் ஒழுகியது. நாங்கள் கோலம் போடும் இடத்தில் கறுப்பு வட்டங்கள். கதவுக் கண்ணாடி ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தூக்கும் பிளாஸ்டிக் துண்டு விரல் அளவுதான், ஆனால் தனியாக விற்கமாட்டார்கள், முழு அமைப்பையும் வாங்கவேண்டும். முன்சக்கரத்தின் இணைப்புக் கைகளில் ரப்பர் தேய்ந்து, மேடு பள்ளத்தில் டொக்கு டொக்கென்று தட்டியது. எச்சரிக்கை விளக்குகள் மஞ்சளும் சிவப்புமாக எரிந்தன. ஒன்றை அணைத்தால் இன்னொன்று எரியும். ஒவ்வொன்றுக்கும் இருபதாயிரம், நாற்பதாயிரம். பென்ஷனில் பிடித்துச் செய்தேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பது நின்றது. அவளுடைய பிசியோதெரபி நின்றது. வந்துகொண்டிருந்த பெண்ணிடம் இனிமேல் வரவேண்டாம் என்று சொன்னது நான்தான்.

என் மனைவிக்கு வாய் உண்டு. ஒருநாள் காலையில் வாசலில் நின்று படுத்திருந்த காரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அதுவும் என்ன மாதிரிதான். உக்காந்தா எந்திரிக்க முடியல. ஆனா அதுக்கு மட்டும் ஒடனே டாக்டர் வந்திருதாரு."

சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவ்வளவு செலவழித்தும் அந்த வண்டியை ஏன் விற்கவில்லை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். ஏதாவது ஒரு பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டுமாக நிறுத்தி, மாலை போட்டு, அலங்கரித்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரம் வாசிக்க மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். என் கார் வந்தபிறகு உறவுக்குள் எந்த மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான் போனது. வாடகை என்ற பேச்சே கிடையாது, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் அது அவமானம். பட்டு வேட்டி கட்டி நானே ஓட்டுவேன். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசும்போது எனக்கும் பூசி, ஒரு துண்டைத் தோளில் போடுவார்கள். அந்தத் துண்டுகள் பீரோவில் ஒரு தட்டு நிறைய இன்னமும் இருக்கின்றன.

அப்படிப் போகும்போது காரில் அவளுக்கு இடம் இருக்காது. பின்னால் மாப்பிள்ளையும் அவர் அக்கா குடும்பமும். முன்னால் தாய்மாமன். அவள் பஸ்ஸில் வருவாள்.

அம்பாசமுத்திரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தோடு எல்லாம் முடிந்தது. மாப்பிள்ளை, அந்தப் பெங்களூர்த் தம்பியின் மகன். தம்பியிடம் இப்போது என்னுடையதைவிடப் புதிய, பெரிய கார் இருந்தது. இருந்தும் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நீங்க காரக் கொண்டு வந்தாத்தான் மாப்பிள்ளை அழைப்பு. இல்லைன்னா பயல நடத்தியே கூட்டியாந்திருவேன்."

அவன் மரியாதைக்குச் சொன்னான். நான் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் அங்கிருந்து பாபநாசம் போவது. பக்கம்தான். அறுவை அடுத்த மாதம் என்று பேசியாகிவிட்டது. ஒரு காலுக்கான பணம் வங்கியில் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் படித்துறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் தெம்பாக இருக்கும் என்றாள். முடிந்தால் மேல்படியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறேன் என்று ஒயர் கூடையில் மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தக் கூடையோடு பஸ் ஏறினாள். கண்டக்டரும் இன்னொரு பெண்ணும் தூக்கிவிட்டார்களாம்.

பெரிய சொகுசுக் கார்களின் எஞ்சின் வேகமாகப் போகும்போது காற்றில் ஆறும்படி அமைந்தது. ஊர்வலத்தில் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாகப் போகவேண்டும். முனைக்கு முனை நாதஸ்வரக்காரர்கள் நின்று ஒரு கீர்த்தனையை முழுக்க வாசிப்பார்கள். வெளிக்காற்று கிடையாது. மின்விசிறியும் தண்ணீர் பம்பும்தான் எஞ்சினைக் காப்பாற்றவேண்டும். பம்பின் இலைகள் பிளாஸ்டிக், வயதானால் உடையும், அதையும் கூலன்ட் குழாய்களையும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் இரண்டு தடவை சொல்லியிருந்தார். கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன்.

இரண்டாவது முனையில் வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டியது. ஏசியை நிறுத்தி, காருக்குள் சூட்டை இழுக்கும் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, ஓரமாக நிறுத்தியிருந்தால் தப்பித்திருக்கும். வெப்பம் எங்கிருந்து எங்கே போகும் என்பதைத்தான் நான் காலமெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் பின்னால் மாப்பிள்ளை கோட்டுக்குள் இருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் நின்றார்கள். முள் சிவப்பைத் தொடுவதைப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தெரிந்த அந்தச் சிவப்பு விளக்கைத் தாய்மாமன் பார்த்துவிடாதபடி, வேட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்து மறைத்தேன். அந்த முனையில் வாசித்துக்கொண்டிருந்த கீர்த்தனை முடியவே இல்லை.

பிறகு முன்மூடியின் இரண்டு ஓரத்திலும் ஆவி கிளம்பியது. எஞ்சின் நின்றது. நாதஸ்வரமும் நின்றது. கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்:

"என்ன வே, முன்னால அடுப்பு கூட்டி இட்லியா அவிக்கீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவரை இறக்கித் தம்பியின் காரில் ஏற்றினார்கள். மாலையும் பூச்சரமும் கட்டிய என் காரைத் தள்ளி மண்டபத்துச் சுவரோரம் விட்டார்கள். அவசரத்தில் நான் கூலன்ட் மூடியைத் துணி போட்டுத் திருக, கொதிநீர் பீறிட்டு வலது கையில் பட்டது.

அப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து அவள் வந்து சேர்ந்தாள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று வந்திருப்பாள். கூட்டத்தையும் காரையும் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"கை சுட்டிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, மண்டபத்துக் குழாயில் நனைத்து என் கையில் சுற்றினாள்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். எஞ்சினை எக்காரணம் கொண்டும் ஓடவிடாதீர்கள், காலையில் ரெக்கவரி லாரி அனுப்புகிறேன், ஒன்பது மணிக்கு வந்துவிடும் என்றார். ஒன்பது மணி என்பது முகூர்த்தத்துக்கு ஆட்கள் வந்து இறங்குகிற நேரம். மண்டப வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், என் காரைச் சங்கிலி போட்டு லாரியில் இழுத்து ஏற்றுவதை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விடியும்போது எழுந்து, மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் வாங்கி நிரப்பினேன். எஞ்சின் ஓடியது. பெண்கள் பகுதியில் இருந்த அவளைக் கூப்பிட்டு, பைய ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார், நான் திருநெல்வேலியில் விட்டுவிட்டு முகூர்த்தத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். அது பொய். என் வாழ்க்கையில் அவளிடம் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது என்று இப்போது நினைக்கிறேன்.

"அப்போ பாபநாசம்?" என்றாள்.

வந்து கூட்டிப் போகிறேன் என்றேன்.

வீரவநல்லூரைத் தாண்டியதும் எஞ்சினில் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வயல் ஓரத்தில் வண்டி நின்றது. பூச்சரத்தைப் பிய்த்துப் போட்டேன். அந்த ரோடுதான் திருநெல்வேலியிலிருந்து முகூர்த்தத்துக்கு வருகிறவர்களின் ரோடு. வேன் வேனாக என்னைத் தாண்டிப் போனார்கள். மண்டபத்தில் பார்க்கக் கூடாது என்று நான் நினைத்த அத்தனை பேரும் அங்கே பார்த்தார்கள். ஒரு வேனை நிறுத்தி, "அண்ணாச்சி, ஏறுங்க, சவத்த விட்டுட்டு வாங்க" என்றார்கள். லாரி வரட்டும் என்று சொல்லிவிட்டேன். விடியலில் மறுபடி நனைத்துக் கையில் சுற்றியிருந்த துண்டு காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் முகூர்த்தம் முடிந்திருக்கும்.

மண்டபத்தில் அவளைத் தங்கள் காரில் பாபநாசத்துக்கு அனுப்பிவைப்பதாகத் தம்பி மனைவி சொன்னாளாம். "இல்ல, அவுகளோடயே போய்க்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வேன் ஒன்றில் வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். சூட்டில் எஞ்சினின் தலைப்பகுதி கோணிவிட்டது. ஊற்றிய தண்ணீரும் ஒழுகிப்போய் வறண்டு ஓடியதில் ஓரிடத்தில் விரிசல். உள்ளே உருளைகள் கீறியிருக்கின்றன. தலையைக் கழற்றிச் சமன்செய்து, கேஸ்கட், பம்பு, குழாய் எல்லாம் மாற்றிப் பூட்ட மூன்று லட்சம் ஆகும். மண்டபத்திலேயே விட்டிருந்தால் பம்போடும் கேஸ்கட்டோடும் போயிருக்கும், பாதிக்கும் குறைவு. சொல்லிவிட்டு, அவள் காப்பித் தம்ளரோடு வந்து நின்றதைக் கவனிக்காமல், "நான்தான் ஓடவிடாதீங்கன்னு அம்புட்டுச் சொன்னேனே சார்" என்றார்.

அவள் தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். சூடு ஆறுமுன் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதைப்பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்தக் கட்டத்தில்கூட வண்டியை விட்டிருக்கலாம். பழுதான நிலையில் விற்றால் ஒன்றும் தேறாது, சரிசெய்து விற்றால் போட்ட பணம் வரும் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். பழைய சொகுசுக் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் சொல்லிக்கொள்ளும் கணக்கு அது. உண்மையில் நான் நினைத்தது அடுத்த ஆவணி முகூர்த்தத்தை.

வைப்புத்தொகை இருவர் பெயரில் இருந்ததால் முழுதாக எடுக்க அவள் கையெழுத்து வேண்டும். முதல்முறை உடைத்தபோது படிவத்தை வீட்டுக்கு வாங்கிவந்து கையெழுத்து வாங்கினேன். இந்தத் தடவை கணக்கை முடிப்பதால் ஆளை நேரில் பார்க்கவேண்டும் என்றார்கள். வங்கி மாடியில் இருந்தது. அவளால் படி ஏற முடியாது. ஆட்டோவில் கீழே உட்கார்ந்திருந்தாள். வங்கிப் பெண் ஒருத்தி படிவத்தோடு இறங்கி வந்தாள். என் மனைவி பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது அதுக்குன்னு வச்சதுதான அத்தான்?"

ஆமாம் என்றேன். வண்டியை விற்றதும் திரும்பப் போட்டுவிடலாம் என்றேன். மகனிடம் கேட்கவேண்டாம் என்றும் சொன்னேன். அவள் தொடைமேல் கூடையைத் தாங்கலாக வைத்து, தன் முழுப்பெயரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வண்டி ஓடியது. ஆவணியில் இரண்டு மாப்பிள்ளை அழைப்புக்குப் போனது. யாரும் இட்லியைப்பற்றிப் பேசவில்லை. அடுத்த சித்திரையில் கியர்பாக்ஸ் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இடித்துத் தள்ளத் தொடங்கி, ஒருநாள் பின்னோக்கிப் போகவே மறுத்தது. இன்னும் இரண்டு லட்சம் என்றார் மெக்கானிக். அப்போதுதான் நிறுத்தினேன். புத்தி வந்து நிறுத்தவில்லை. கையில் இல்லை, அதனால் நிறுத்தினேன். வண்டி முற்றத்தில் தரையோடு படிந்துகிடந்தது. எழுப்ப ஆளில்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு நடந்தால் மூச்சு வாங்கியது. முழங்கால் வலியில் நடமாட்டம் குறைந்ததால் என்று நினைத்தோம். மகன் விடுமுறையில் வந்து, அம்மா நடப்பதைப் பார்த்து, என்னிடம் ஒன்றும் கேட்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். பணம் அவன் கட்டுவதாக இருந்தது. இப்போது பணம் தடையாக இல்லை. ஆனால் அறுவைக்கு முன் செய்யும் சோதனைகளில், இதயம் பலவீனமாக இருப்பது தெரிந்தது. மயக்க மருந்து தாங்காது என்று மயக்க மருத்துவர் மறுத்துவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் தயங்காமல் செய்திருப்போம் என்று முதலில் பார்த்த அதே மருத்துவர் சொன்னார். அவருக்கு அவளையும் பாபநாசத்தையும் நினைவிருந்தது. இடையில் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"நான்தான் பயந்துகிட்டு வேண்டாம்னேன் டாக்டர்."

அறையில் நான் மறுத்துப் பேசவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். மகன் இதைப் படிப்பான். அவன் அம்மா பயப்படவில்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறவர்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து காரை எடுத்துப் போனார்கள். தரையோடு படிந்திருந்ததால் கொக்கி மாட்ட அடியில் இடமில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் பலகை செருகி, அரைநாள் பாடுபட்டார்கள். முகப்பு விளக்குகளுக்கும் கதவுகளுக்கும் தோல் இருக்கைகளுக்கும் விலை போட்டார்கள். மூன்று லட்சம் விழுங்கிய எஞ்சினை யாரும் கேட்கவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி போனபிறகு, கோலம் போடும் இடத்தில் எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. "விடுங்க, அதுமேலயே போட்டுக்கிடலாம்" என்றாள்.

போன தை மாதம் பாபநாசத்துக்குப் போனோம். தெருமுனை ஆட்டோக்காரரைத்தான் பேசி வைத்தேன். உயரமான இருக்கை. அவர் கை கொடுக்கவும் பின்பக்கமாக நின்ற வாக்கில் உட்கார்ந்துகொண்டாள். "ஒசரம் சரியா இருக்கு" என்றாள், யாரிடமும் இல்லாமல். வழிநெடுக அறுவடை. வீரவநல்லூரில் நான் எந்தப் பக்கம் பார்த்தேன் என்று அவள் கவனித்திருப்பாள்.

படித்துறையில் கூட்டம் அதிகமில்லை. தண்ணீர் மேல்படிக்கு எட்டவில்லை, நிறையக் கீழே ஓடியது. ஆட்டோக்காரரும் நானும் தூக்கி இறக்கிவிடுகிறோம் என்றோம். வேண்டாம் என்றாள். மேல்படியில் கூடையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். குரங்கு ஒன்று கூடையை நோட்டம்விட, அதட்டி விரட்டினாள். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இறங்கிக் குளிங்க" என்றாள்.

நான் இறங்கினேன். என் காலுக்கு ஒன்றுமில்லை. இந்த வயதிலும் கைப்பிடி இல்லாமல் படி இறங்குகிறேன். அது எனக்கு அன்று தாங்க முடியாததாக இருந்தது. தண்ணீர் குளிர்ந்து இழுத்தது. ஒரு முங்கு முங்கி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

"அது உங்களுக்கு" என்று மேலேயிருந்து சொன்னாள். "எனக்கு இன்னொண்ணு."

மறுபடி முங்கினேன். கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். பச்சையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மூச்சு முட்டும்வரை உள்ளே இருந்தேன்.

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறினேன். அவள் கையில் வாங்கித் தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, மிச்சத்தைத் தன் முழங்கால்களின் மேல், சேலையோடு சேர்த்து ஊற்றிக்கொண்டாள். பிறகு கூடையைத் திறந்து துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அடியில் மாற்றுச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்த அதே சேலை. பிறகு உள்ளே வைக்கப்போகும் என் ஈரவேட்டி அதன்மேல் படாதபடி ஒரு பாலித்தீன் பையை விரித்துக் கூடையை மூடினாள்.

"துவட்டுங்க, சளி பிடிச்சுக்கிடும்" என்றாள்.

துவட்டினேன்.